மெத்தையில் படுக்காத குடும்பம்

திருப்பதிக்காரர்களுக்கு வராத ஒரே வித்தை, வெளியூரில் அறை எடுப்பது. ஊரில் தடுக்கி விழுந்தால் லாட்ஜ். ரயிலை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் வந்து பெட்டியைப் பிடுங்குவார்கள். ஆனால் அதெல்லாம் மலைக்கு வருகிறவர்களுக்கு. உள்ளூர்க்காரன் எதற்காக லாட்ஜ் வாசலை மிதிக்கப்போகிறான்? வெளியூர் போனால் சொந்தக்காரர் வீட்டில் இறங்குவான், இல்லாவிட்டால் அன்றைக்கே திரும்பி வந்துவிடுவான்.

அலர்மேலும் அந்த ரகம்தான். கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் தோதாத்ரி கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவர். விடியற்காலம் மூன்று மணிக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் உச்சிவேளைக்குத்தான் வீடு திரும்புவார். பெண் கோதாவுக்குப் பத்து வயது நடக்கிறது. பையன் பார்த்தாவுக்கு ஐந்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குடும்பமாக வெளியூர் போய் ஓர் ஓட்டலில் தங்கியது கிடையாது. அப்படிப்பட்டவள் இப்போது கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து பெங்களூர் ஓட்டல்களைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நாத்தனார் ஸத்யபாமா கிளப்பிவிட்டது. அவள் சித்தூரில் இருக்கிறாள். கணவன் ராம்ப்ரசாத் பேங்கில் வேலை. ஒரே பையன் யஸ்வந்த், கோதாவைவிட ஒரு வயது பெரியவன். கோடை லீவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து பெங்களூர் போய் நாலு நாள் இருக்கலாம், குழந்தைகள் மெட்ரோவில் ஏறட்டும், கோளரங்கம் பார்க்கட்டும், புலி பார்க்கட்டும் என்றாள். தோதாத்ரிக்கு மடப்பள்ளியில் லீவு கிடைக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அலர்மேலுக்குத் தூக்கம் போனது.

காரணம் வீட்டில் இரண்டே பேருக்குத் தெரியும், அவளுக்கும் கோதாவுக்கும். கோதா இன்னும் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாள்.

படிப்பில் கெட்டிக்காரி, தம்பிக்குத் தலைவாரிவிடுகிற பொறுப்பான பெண். இந்த ஒன்று மட்டும் நிற்கவில்லை. குழந்தை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் நிற்கும், திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அலர்மேல் திட்டவில்லை. மூன்று மணிக்குக் கணவர் படியிறங்கிப் போன பிறகுதான் பெரும்பாலும் அது நடக்கும். எழுந்து ரப்பர் ஷீட்டைத் துடைத்து, விரிப்பை அலசி, மாடியில் உலர்த்தி, குழந்தைக்கு வேறு பாவாடை மாற்றிப் படுக்கவைத்துவிடுவாள். தோதாத்ரி வரும்போது விரிப்பு காய்ந்து மடித்து அலமாரிக்குள் போயிருக்கும். இத்தனை வருஷமாக அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது.

தெரியக்கூடாது என்பது கோதாவின் நிபந்தனை. தோதாத்ரியின் மடி, ஆசாரம் அந்தத் தெருவே அறிந்தது. அவர் வேட்டி உயரக் கொடியில் உலரும், கோலால்தான் எடுப்பார். பூஜை முடிகிறவரை பெண்டாட்டிகூடப் பக்கத்தில் போக முடியாது. கோதாவுக்கு மட்டும் விலக்கு. லீவு நாட்களில் அவள் குளித்துவிட்டு வந்து துளசியைப் பறித்து அவர் கையிலேயே வைப்பாள். அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், அப்படி ஒரு பெருமை. ஏழு வயதில் ஒரு நாள் கோதா கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்கு இது தெரிஞ்சா அப்புறம் என் கையால துளசி வாங்கிப்பாரா?"

வாங்கிப்பார் என்று அலர்மேல் உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு கணம் யோசித்துவிட்டாள். அந்த ஒரு கணத்தைக் குழந்தை பார்த்துவிட்டது. அப்புறம் அவள் எத்தனை சமாதானம் சொன்னாலும் எடுபடவில்லை.

அதிலிருந்து கோதா எந்த வீட்டிலும் ராத்தங்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப்போனால் தலைவலி என்பாள். பெங்களூர் என்றதும் முதலில் துள்ளியவள், யோசித்துவிட்டு, "நான் வரலேம்மா" என்றாள். "தனி ரூம் எடுத்துக்கலாம்டி. நம்ம நாலு பேர் மட்டும். ஒருத்தருக்கும் தெரியாம நான் பாத்துக்கறேன்" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். கோதா அரை மனதாகத் தலையாட்டினாள்.

ஆக, குழந்தைகளோடு போகிறவர்கள் ஓட்டலில் ஊஞ்சல் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அலர்மேல் பார்த்ததெல்லாம் வேறு. ஒவ்வொரு ஓட்டலுக்கும் போன் போட்டு, பாத்ரூமில் பக்கெட் உண்டா, துணி உலர்த்த இடம் உண்டா, விடியற்காலையில் வெந்நீர் வருமா, மெத்தை பஞ்சா ஸ்பாஞ்சா என்று விசாரித்தாள். மெத்தை நனைந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை. ஓர் ஓட்டல்காரன் பொறுமையிழந்து, "மேடம், மெத்தை பிசினஸா உங்களுக்கு?" என்று கேட்டே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தோதாத்ரிக்கு முறை இல்லை. ஓட்டலை முடிவு பண்ணலாம் வாருங்கள் என்று ஸத்யபாமா கூப்பிட்டாள். நாலு பேரும் பஸ் பிடித்துச் சித்தூர் போனார்கள். கிரீம்ஸ்பேட்டையில் அவர்கள் வீடு. ராம்ப்ரசாத் கைப்பேசியை டிவியோடு இணைத்து ஒவ்வொரு ஓட்டலாகப் படம் காட்டினான். ஏதோ சினிமா போல எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். தோதாத்ரி மட்டும் வெறுந்தரையில் சுவரோரம் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வெளியில் அவர் சாப்பிடுவது அது ஒன்றுதான்.

முதல் ஓட்டல் வந்தது. "ஜன்னல்ல கம்பியே இல்லையே" என்றாள் அலர்மேல்.

இரண்டாவது வந்தது. "குளம் இருக்கு. இந்தப் பார்த்தா குதிச்சுடுவன்."

மூன்றாவது. "கீழயே பிரியாணிக் கடை போல இருக்கே. வாடை வரும்."

"மன்னி, பெங்களூரையே மாத்திக் கட்டினாத்தான் நீ திருப்திப்படுவே" என்றாள் ஸத்யபாமா. ராம்ப்ரசாத் சிரித்து, "பர்வாலேது மன்னி, இதைப் பாருங்கோ, இதுல எல்லாம் இருக்கு" என்று நாலாவதைப் போட்டான்.

உண்மையில் அருமையான ஓட்டல். இரண்டு குடும்பமும் சேர்ந்து தங்கும்படி ஒரே பெரிய வீடு மாதிரி. பெரியவர்களுக்கு இரண்டு அறை. குழந்தைகளுக்கு என்று தனியாக ஓர் அறை, அதில் மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில்கள், ஏற ஏணி, இறங்கச் சறுக்குமரம். கோதாவின் வயசுக் குழந்தை பார்த்தால் மயங்கி விழுகிற இடம்.

யஸ்வந்த் சோபாவிலேயே எகிறிக் குதித்தான். "கோதா! நீ, நான், பார்த்தா மூணு பேர் மட்டும்! பெரியவாளுக்கு நோ என்ட்ரி! சரியா?"

கோதா டிவியைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அலர்மேலுக்குத் தாங்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"பாமா, நாங்க ஓட்டல் மெத்தையிலேயே படுக்கப்படாது."

"ஏன்?"

"யார் யாரோ படுத்த மெத்தை. பெருமாளுக்குத் தளிகை பண்றவர் எங்காத்துக்காரர். ஆசாரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நாங்க பாய் கொண்டுவந்துடறோம். தனியா சின்னதா ஒரு ரூம் இருந்தாப் போதும்."

ஸத்யபாமா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "யாரு? நீயா மன்னி? போன மாசம் தள்ளுவண்டி முன்னாடி நின்னுண்டு கோபி மஞ்சூரியன் சாப்பிட்டது யாரு? 'அண்ணாகிட்ட மூச்சு விடாதே'ன்னு எனக்கும் ஒரு பிளேட் வாங்கிக் குடுத்தது யாரு?"

அலர்மேலின் காது சிவந்தது. "அது போன மாசம்" என்றாள்.

தோதாத்ரி வாழைப்பழத்தை அப்படியே கையில் பிடித்தபடி பெண்டாட்டியைப் பார்த்தார். கோபி மஞ்சூரியன் காதில் விழுந்தும் அவர் மனதில் தங்கவில்லை. கல்யாணமான நாளாக, "உங்க மடியை நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து ஆசாரம் என்ற வார்த்தை வந்திருக்கிறது. மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

"மன்னி சொல்றது நியாயம்தான் பாமா. ஓட்டலை விடு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

திரும்புகிறபோது பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். அவராக வாங்கிக்கொடுத்து எத்தனையோ வருஷமாயிற்று. பூவைத் தலையில் வைத்துக்கொண்டபோது அலர்மேலுக்கு என்னவோ கோயில் உண்டியலில் கைவிட்டவள் போல இருந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி. தனி ரூம் கிடைக்கும், பாயும் ரப்பர் ஷீட்டும் நம்முடையது, மெத்தைக் கவலையே இல்லை. பொய் சொன்னாலும் காரியம் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆயிற்று. அந்தப் பொய் இரண்டே நாளில் வேறு உருவம் எடுத்து வீட்டுக்குள் வந்தது.

உச்சிவேளையில் மடப்பள்ளியிலிருந்து திரும்பிய தோதாத்ரி வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். "அலர்மேல், முடிஞ்சுடுத்து! மல்லேஸ்வரத்துல ஒரு மடம். எங்க மடப்பள்ளி பெரியவர் மூலமாச் சொல்லி எடம் பிடிச்சுட்டேன். ஓட்டலே வேண்டாம். பெரிய ஹால். பொம்மனாட்டிகள், கொழந்தைகள் எல்லாம் ஒரு பக்கம், ஆம்பளைகள் ஒரு பக்கம். மெத்தைப் பேச்சே கிடையாது, எல்லாருக்கும் கோரைப்பாய்தான். அங்கேயே தளிகை, அங்கேயே பிரசாதம். அந்த வாரம் உபன்யாசம் வேற இருக்காம், நூறு பேர் வந்து தங்குவாளாம். பாமாவுக்கும் சொல்லிட்டேன். மொதல்ல மொணமொணத்தா, அப்புறம் சரின்னுட்டா."

அலர்மேல் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். ஒரே ஹாலில், நூறு பேர் நடுவில், ஒரே வரிசையில் பாய். ஒரு பக்கம் நாத்தனார், இன்னொரு பக்கம் ஊர் பேர் தெரியாத மடிசார் மாமிகள். விடியற்காலையில் எல்லோரும் எழுந்து பாயைச் சுருட்டுகிற நேரத்தில் கோதாவின் பாய் மட்டும். நினைக்கவே முடியவில்லை. தானே குழி வெட்டித் தன் பெண்ணை அதில் இறக்கிவிட்டோமே என்று வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது.

"உனக்கு சந்தோஷம்தானே?" என்றார் தோதாத்ரி.

"சந்தோஷம்தான்" என்றாள்.

உள்ளறையில் கோதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அலர்மேல் போனபோது அவள் பையைத் திறந்து, பெங்களூருக்கு என்று ஒரு வாரமாக மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கோம்மா. நான் பக்கத்தாத்து அம்சவேணி அக்காவோட இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அங்கயும் ராத்திரி படுத்துக்கணுமே" என்று தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் எங்கதாம்மா படுத்துக்கறது?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாகத் தான் செய்து வந்த காவல் இதுதானா என்று அலர்மேலுக்கு இருந்தது. குழந்தையை மூடி மறைத்து மறைத்துக் கடைசியில் அவளுக்குப் படுக்க உலகத்தில் ஓர் இடம் இல்லாமல் பண்ணியாகிவிட்டது. கீழே உட்கார்ந்து கோதாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிடட்டுமாடி?"

கோதா அம்மாவின் பிடியிலிருந்து விலகிக்கொண்டாள். பிறகு, "நான் இங்க இருக்கச்சே சொல்லாதே" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

தோதாத்ரி சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மடத்துக்கு எந்தெந்த வேட்டி எடுத்துப்போவது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அலர்மேல் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, நான் பாமா ஆத்துல சொன்னது பொய்."

"எது?"

"ஆசாரம்னு சொன்னது. மெத்தையில படுக்கப்படாதுன்னது. எல்லாம் பொய்."

அவர் கையில் இருந்த வேட்டி மடிப்பு கலைந்தது. "அப்போ நீ மாறலையா?"

"இல்லே."

"கோபி மஞ்சூரியன்?"

"அது நிஜம்தான்."

பாவம், அந்த மனுஷருக்கு முதலில் வலித்தது அவள் மாறவில்லை என்பதுதான். இரண்டு நாளாக அவர் மடப்பள்ளியில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பெண்டாட்டிக்கும் ஆசாரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டிருந்தார். "ஏன் அப்படிச் சொன்னே? என்னைப் பாத்தா அவ்வளவு இளப்பமாப் போயிடுத்தா?" என்றார்.

அலர்மேல் சொன்னாள். ரப்பர் ஷீட்டிலிருந்து மாடிக் கொடி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முடிந்த பிறகு அவர், "நான் இந்த ஆத்துலதானே இருக்கேன்" என்றார்.

"நீங்க மூணு மணிக்குப் போயிடறேளே."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தானா நின்னுடும்னார். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

"அப்புறம் எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்க மடி. தெரிஞ்சா அப்பா என் கையால துளசி வாங்கிப்பாராம்மான்னு கேட்டா. மூணு வருஷமாச்சு கேட்டு."

"நீ என்ன சொன்னே?"

"வாங்கிப்பார்னு சொன்னேன். ஆனா உடனே சொல்லலே. எனக்கே தெரியலே."

தோதாத்ரியின் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததில்லை. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. "அசடு. கொழந்தைக்கு ஏது தீட்டு? குளிச்சா போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தவர் கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தார். "எம் பொண்ணு என்னைப் பாத்து பயந்துண்டு இருந்திருக்கா. உனக்கே என்னைத் தெரியலே. அப்படியா நான் இருந்திருக்கேன்?" என்றார்.

இல்லை என்று சொல்ல அலர்மேலுக்கு ஆசைதான். ஏற்கெனவே ஒரு பொய் படுத்திய பாடு போதும் என்று சும்மா இருந்தாள்.

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நீ எந்த ஓட்டல் பாத்து வெச்சிருந்தே?" என்றார்.

ஜயநகரில் ஒரு சின்ன ஓட்டல். பக்கெட் உண்டு, மொட்டைமாடி உண்டு, பார்க் எதிரிலேயே. மெத்தை விஷயம் கேட்க மட்டும் அவளால் முடியவில்லை. "நம்பரைப் போடு" என்றார். அவருக்குக் கைப்பேசியில் அவ்வளவு பழக்கமில்லை. ஏதோ ஒன்றை அமுக்கப்போய் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டார்.

எடுத்தது ஒரு பெண். இவர் தெலுங்கில் ஆரம்பித்ததும் உச்சரிப்பிலேயே கண்டுபிடித்து, "தமிழா சார் நீங்க? தமிழ்லயே சொல்லுங்க, எனக்குச் சொந்த ஊர் குப்பம்தான். மஞ்சு பேசறேன்" என்றாள்.

தோதாத்ரி சுற்றி வளைக்கவில்லை. "ஏம்மா, தூக்கத்துல படுக்கை நனைச்சுடற ஒருத்தர் எங்களோட வரா. அதுக்கு உங்ககிட்ட ஏதாவது வழி இருக்கா?"

இத்தனை நாளாக அலர்மேலின் நாக்கில் ஏறாத கேள்வி. மஞ்சு ஏதோ காப்பி வேண்டும் என்று கேட்டது போலப் பதில் சொன்னாள். "இருக்குது சார். மெத்தை மேல போடற வாட்டர்புரூப் கவர் இருக்குது. பசங்க வர்ற ரூமுக்குலாம் கேக்காமயே போட்டுடுவோம். வயசானவங்களும் வந்துகினு தான் இருக்காங்க. எக்ஸ்ட்ரா பெட்ஷீட் ரெண்டு உள்ளயே வெச்சுடறேன், காலைல நனைஞ்சதைப் பக்கெட்ல போட்டுடுங்க, நாங்க எடுத்துக்கறோம். எத்தினி பெட்டுக்கு சார்?"

"எல்லாத்துக்கும் போட்டுடும்மா" என்றார் தோதாத்ரி.

"உங்க சாப்பாடு?" என்று அலர்மேல் மெதுவாகக் கேட்டாள்.

"அவலும் தயிரும் இருக்கு. நாலு நாள்ல இளைச்சா நல்லதுதான்" என்றார். பிறகு தங்கைக்குப் போன் போட்டார். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கோதா நாலு படி மேலேயே நின்றுவிட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பாமா, மடம் வேண்டாம். நாங்க ஜயநகர்ல தனியா ரூம் எடுத்துக்கறோம். நீங்க உங்களுக்குப் பிடிச்ச ஓட்டல்ல இருங்கோ, பகல்ல சேந்து சுத்தலாம்."

"என்னண்ணா இது, தினம் ஒண்ணு சொல்றே? மன்னி என்ன சொன்னா?" ஸத்யபாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. நியாயமான எரிச்சல்தான்.

"அவ ஒண்ணும் சொல்லலே. எனக்குத்தான் ஒரு தொந்தரவு. சொல்ல வெக்கமா இருந்தது, அதான் மன்னி ஆசாரம் அது இதுன்னு சொல்லி மூடினா." தோதாத்ரி ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற மனுஷர். பொய் சொல்லி அலர்மேல் அன்றுவரை கேட்டதில்லை. "ராத்திரி தூக்கத்துல எனக்குத் தெரியாமயே படுக்கை நனைஞ்சுபோறது பாமா. நாலு பேர் மத்தியில படுக்க முடியாது."

அலர்மேல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா... டாக்டர்ட்ட காமிச்சியா? சுகர் பாத்தியா?" என்று ஸத்யபாமா குரல் தழைந்து கேட்டாள். ஆனால் அங்கேயும் ஸ்பீக்கர்தான் போல. பின்னாலிருந்து யஸ்வந்தின் குரல் வந்தது. "யாரு, மாமாவா? மாமாவா பெட்ல..." அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். "சீ, சும்மா இருடா" என்று ஸத்யபாமா அதட்ட அதட்டச் சிரிப்பு கூடிற்று.

இத்தனை வருஷமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து குழந்தை எங்கேயும் போகாமல் இருந்தாளோ, அதே சிரிப்பு. கூடம் முழுக்கக் கேட்டது. தோதாத்ரி அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சிரிக்கட்டும் விடு பாமா, கொழந்தைதானே" என்றார்.

படியிறங்கி கோதா வந்தாள். நேரே அப்பாவிடம் போய்க் கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் தடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"யஸ்வந்த், எங்கப்பாவைப் பாத்துச் சிரிக்காதே. அப்பா இல்லே. நான்தான்."

சிரிப்பு நின்றது.

"என்னது?"

"நான்தான் பெட்ல போயிடறேன். அப்பா எனக்காகப் பொய் சொல்றார்." கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உனக்குச் சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கோ."

யஸ்வந்த் சிரிக்கவில்லை. "டெய்லியா?" என்று கேட்டான்.

"டெய்லி இல்லே. நெறைய நாள்."

"அதுக்குத்தான் எங்காத்துக்கு வந்தா இருட்டறதுக்குள்ள கெளம்பிடுவியா?"

"ம்."

அவன் சின்னக் குரலில், "உனக்கு என்னைப் பிடிக்கலேன்னு நான் நெனச்சிண்டிருந்தேன்" என்றான்.

கோதா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். அப்படி ஒருவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அலர்மேலுக்கும் தோன்றியதில்லை. அவளுக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த புருஷன் முகம் கலங்கித் தெரிந்தது. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"அப்படியெல்லாம் இல்லேடா" என்றாள் கோதா.

"அப்போ பெங்களூருக்கு நீ வரேதானே?"

"வரேன்" என்றாள்.